கூப்பிடு தூரம் எத்தனை மீட்டர்

நாவல்பேடு கிளை நூலகத்தின் உதவியாளர் பாக்கியராஜுக்கு நம்பர் இல்லாத பொருளைக் கண்டால் கை துறுதுறுக்கும். நூலகத்தில் இருந்த ஆயிரத்து நூற்றுப் பதினாறு புத்தகங்களுக்கும் நம்பர் போட்டு முடித்தபின் நாற்காலிகளுக்குப் போட்டார். நாற்காலிகள் ஆறுதான். அப்புறம் ஜன்னல்களுக்கு, தண்ணீர்ப் பானைக்கு, பானைமேல் கவிழ்த்த டம்ளருக்கு. எல்லாம் தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு அடுப்பங்கரை டப்பாக்களில் சீட்டு ஒட்டினார். நூலக வரிசையில் சமையலுக்கு 641 என்பதால் மிளகாய்த்தூள் 641, தனியா 642, புளி 643. அவர் மனைவி ஆரோக்கியமேரி நாலு நாள் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் உப்பை எடுத்து 641-இல் கொட்டினார். மிளகாய்த்தூளை எங்கே மாற்றி வைத்தார் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை.

நாவல்பேடு கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, ரயில் பாதைக்கு மேற்கே உள்ள ஊர். நடுவில் ஊர்த் தெரு. கழனியைத் தாண்டித் தெற்கே காலனி. பாக்கியராஜ் காலனிக்காரர். அவர் அப்பா அடுத்தவர் கழனியில் ஏர் ஓட்டியே முதுகு வளைந்தவர். காலனியில் முதன்முதலில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் பாக்கியராஜ்தான். இரண்டாவது தடவையில் தேறினார் என்பதையும் அவரே சொல்லிவிடுவார், மறைக்கிற ஆளில்லை. அறுபத்திரண்டாம் வருஷம் நூலக வேலை கிடைத்தது. அன்றிலிருந்து தினமும் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பேப்பர் பார்க்க வருவார். இன்னொருவர் தூங்க வருவார். மூன்றாமவர், தூங்குகிறவர் எழுந்ததும் அவரோடு சண்டை போட வருவார். இப்படிப்பட்ட நூலகத்துக்கு இவ்வளவு நம்பரா என்று கேட்டால் பாக்கியராஜுக்குக் கோபம் வரும். ஆளே வராவிட்டாலும் ஒழுங்கு ஒழுங்குதான் என்பார்.

இனி ஆரோக்கியமேரியின் குரலைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. மாதா கோவிலில் பாட்டுப் பாடும்போது அந்த அம்மாளை வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்வார்கள். அப்போதுதான் மற்றவர்கள் பாடுவது பங்குச் சாமியாருக்குக் கேட்கும். ஏரிக்குள் இறங்கிய ஆடுகளை வீட்டு வாசலில் நின்றபடியே கரையேற்றிவிடுவார். காலனிக்கும் நூலகத்துக்கும் எழுநூறு மீட்டர் இருக்கும். பகல் ஒரு மணிக்கு அவர் வாசலில் நின்று, "ஏ... இந்தா, சோறு ஆறிப்போவுது" என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும். பாக்கியராஜ் பேனாவை மூடுவார். பேப்பர் பார்ப்பவரும் மணி ஒன்று என்று எழுந்து போவார்.

'ஏ இந்தா' என்பதுதான் பாக்கியராஜின் பெயர். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் புருஷன் பெயரை அந்த அம்மாள் வாயால் சொன்னதில்லை. காலனியில் எந்தப் பெண்ணும் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது மாதா கோவிலுக்குப் போகிறவர்களுக்கும் பொது, மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்களுக்கும் பொது.

ஆரோக்கியமேரி பிறந்தது மீஞ்சூரில், கொல்லையிலேயே கிணறு உள்ள வீட்டில். ஐம்பத்தொன்பதில் பெண் பார்க்கப் போனபோது அவர் அப்பா மூன்று கேள்வி கேட்டார். பையனுக்கு என்ன வேலை, வீடு சொந்த வீடா, தண்ணீர் எவ்வளவு தூரம். முதல் இரண்டுக்கும் பாக்கியராஜின் பெரியம்மா கொஞ்சம் தடுமாறினார். மூன்றாவதற்குத் தடுமாறவே இல்லை. "தண்ணியா? கூப்புடு தூரம்தான்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாக்கியராஜ் ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அவர் வாழ்நாள் முழுக்க மறக்க முடியாமல் போயிற்று, ஏனென்றால் மறக்க விடவில்லை.

நாவல்பேடு காலனியில் பிள்ளை பெற்ற எவரும் அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னதே கிடையாது. உண்மையில் காலனிக்குத் தண்ணீர் ரயில்வே கேட்டுக்கு அப்பால் மாந்தோப்புக் கிணற்றில் இருந்தது. ஊர்க் கிணறு பாதித் தூரத்தில் உண்டு. காலனிக் குடத்தை அதில் இறக்க விடமாட்டார்கள். மாந்தோப்புக்குப் போகிற வழியில் வரப்பு, ஓடை, தண்டவாளம் எல்லாம் உண்டு. உள்ளபடி சொன்னால் எவன் பெண் கொடுப்பான்? அதனால் எல்லாருக்கும் கூப்பிடு தூரம். வந்த மருமகளும் பத்து வருஷம் தண்ணீர் சுமந்து, ஒரு பையனைப் பெற்று வளர்த்து, அவனுக்குப் பெண் தேடும்போது அதே வார்த்தையைக் கூசாமல் சொல்வாள்.

கல்யாணமான மூன்றாம் நாள் ஆரோக்கியமேரி குடத்தோடு போய்த் திரும்பி வந்தார். குடத்தை இறக்கிவிட்டுக் கேட்டார்: "ன்னாய்யா, கூப்புடு தூரம்னாங்களே, கூப்புடுறது யாரு? மெட்ராஸ் ரேடியோவா?"

பாக்கியராஜ் அவசரமாக விறகு பிளக்கப் போனார். பதினைந்து வருஷமாக அந்தப் பேச்சு வந்தால் அவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

எழுபத்துநாலாம் வருஷம் தை மாதம் நூலக வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று அப்போது ஒரே பேச்சு. அதற்கு முன்னால் சுற்று வட்டாரத்து ஊர்களில் யார் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள், எதற்குத் திண்டாடுகிறார்கள் என்று கணக்கெடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு நகரமைப்பு ஆய்வுக் குழு புறப்பட்டிருந்தது. அதில் நாவல்பேட்டுக்கு வந்தவர் வரதன். முப்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர், யாரையும் சார் என்று கூப்பிடுகிற நல்ல மனிதர். ஜீப்பிலிருந்து பன்னிரண்டு டிராயர் வைத்த பச்சை இரும்பு அலமாரி ஒன்றை இறக்கினார்கள்.

"சார், இதை வெறும் பீரோன்னு நினைக்காதீங்க" என்றார் வரதன். "இந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அட்டை. நாளைக்கு ரோடு எங்க போடணும், பள்ளிக்கூடம் எங்க கட்டணும்னு யார் யோசிச்சாலும், ஆராய்ச்சி பண்ற பசங்க வந்தாலும், முதல்ல இந்த டிராயரைத் திறந்து பார்த்துட்டுத்தான் மேல பேசணும். அதைப் பார்த்துக்கிற பொறுப்பு உங்களோடது."

பாக்கியராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக நம்பர் போட்டுப் போட்டு இதற்காகத்தான் கை பழகியிருந்தது என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக, "ஏ... இந்தா" என்று ஒரு குரல் வந்தது. வரதன் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டார். "ஒண்ணுமில்ல சார், சாப்பாடு" என்றார் பாக்கியராஜ்.

ஊர்த் தெருவில் இருநூற்றாறு வீடு, காலனியில் தொண்ணூற்றாறு. மொத்தம் முந்நூற்று இரண்டு அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் இருபத்துமூன்று கட்டங்கள். வீட்டில் இருப்பவரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும், அவர் சொன்னதை மட்டும் எழுத வேண்டும், உங்கள் அபிப்பிராயத்தை எழுதக் கூடாது என்று வரதன் மூன்று தடவை சொல்லியிருந்தார். பாக்கியராஜ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெண்கள். முதல் கட்டமே குடும்பத் தலைவர் பெயர். எந்தப் பெண்ணும் வாயைத் திறக்கவில்லை. பாக்கியராஜுக்கு ஊரில் எல்லாருடைய பெயரும் தெரியும், ஆனால் கேட்டுத்தானே எழுத வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். தம் வீட்டு அட்டை 212. அதற்கும் விதியை மீறவில்லை. மனைவிக்கு எதிரே பாய் போட்டு உட்கார்ந்து, குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று கேட்டார்.

"எதிர்ல குந்திகினு கீறாரே, அவருதான்" என்றார் ஆரோக்கியமேரி.

பெயரைச் சொல்ல வேண்டும் என்றார் இவர்.

"பதினஞ்சு வருசமா சொல்லாத பேர இந்த அட்டைக்காவ சொல்லணுமா? நீயே எழுதிக்க."

பதின்மூன்று கட்டங்கள் ஒருவழியாக முடிந்தன. பதினான்காம் கட்டம்: குடிநீர் எடுக்கும் இடம், தூரம் மீட்டரில். ஆரோக்கியமேரி, உங்க பெரியம்மா சொன்னதையே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். பாக்கியராஜுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் பென்சிலால் 'கூப்பிடு தூரம்' என்று எழுதினார். கேட்டதற்குக் கிடைத்த பதில் அதுதானே.

ஊரில் அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். ஊர்த் தெருக்காரர்களுக்கு அது நிஜம். வாசலில் நின்று தும்மினால் கிணற்றடியில் கேட்கும். காலனியில் சொன்னதன் காரணம் நமக்குத் தெரிந்ததே. அதிலும் கல்யாண வயதில் மூன்று பையன்களை வைத்திருந்த செங்கம்மாள், பாக்கியராஜின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பெண் வீட்டார் நூலகத்துக்கே வந்து அட்டையைப் பார்க்கிறார்களாம் என்று எப்படியோ ஒரு செய்தி பரவியிருந்தது. அதுவும் பொய்யில்லை. கவரப்பேட்டையிலிருந்து வருகிற தரகுக்காரி கெங்கம்மாள், அலமாரி வந்த இரண்டாம் வாரமே வெற்றிலைப் பையோடு வந்து உட்கார்ந்து, ஒன்பதாம் கட்டம் மாடு, பதினோராம் கட்டம் தொழில், பதினான்காம் கட்டம் தண்ணீர் என்று படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனாள். நகரமைப்புக்கும் சமூக ஆய்வுக்கும் என்று வைத்த அந்த அலமாரியை முதன்முதலில் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியவள் கெங்கம்மாள்தான்.

எல்லாம் சரி, கட்டத்தில் மீட்டர் அல்லவா கேட்டிருக்கிறது? கூப்பிடு தூரம் என்றால் எத்தனை மீட்டர்? பாக்கியராஜ் நூலகத்தில் இருந்த அகராதியைப் பார்த்தார். விவசாயக் கையேட்டைப் பார்த்தார். எதிலும் இல்லை. இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டது. மூன்றாம் நாள் தாமே அளந்துவிடுவது என்று முடிவுக்கு வந்தார்.

சைக்கிள் முன்சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டேகால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆரோக்கியமேரியைக் காலனி முனையில் நிறுத்தி, விடாமல் கூப்பிடு என்று சொல்லிவிட்டு, ஏரிக்கரை மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நூறு சுற்று, கேட்டது. இருநூறு சுற்று, நன்றாகக் கேட்டது. முந்நூறில் கரை மரத்துக் கிளிகள் எழுந்து பறந்தன. முந்நூற்று அறுபத்துநாலாம் சுற்றில்தான் குரல் காற்றோடு கரைந்தது. ஆகக் கூப்பிடு தூரம் எண்ணூறு மீட்டர்.

இந்த அளவை எடுக்க ஊரில் வேறு யாரையாவது கூப்பிடச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மனைவியைத் தவிர அவரைக் கூப்பிடுகிறவர்களே கிடையாது. முந்நூற்று இரண்டு அட்டைகளிலும் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, மையால் 800 என்று முத்து முத்தாக எழுதினார். ஒரே பதிலுக்கு ஒரே நம்பர். எண்ணூறு என்பது ஒன்றும் சின்ன எண் இல்லை, காலனிக் கஷ்டம் கொஞ்சமாவது தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. அதே எண்ணூறை ஊர்த் தெருவுக்கும் எழுதினோமே என்று ஒரு கணம்கூட அவர் யோசிக்கவில்லை. ஒழுங்கு ஒரு மனிதனின் கண்ணை இப்படியும் மறைக்கும்.

ஆடி பிறந்ததும் வரதன் திரும்ப வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை. முகமெல்லாம் சிரிப்பு. அட்டைகளைப் பார்த்துத் தயாரித்த பட்டியலை மேஜை மேல் விரித்தார். முப்பது ஊரில் இப்படிச் சுத்தமாக வந்த அட்டைகள் வேறெங்கும் இல்லை என்றார். "ஊர் முழுக்க எல்லா வீட்டுக்கும் ஒரே தூரம். இப்படி ஒரு சமத்துவத்தை நான் எங்கயும் பார்த்ததே இல்ல சார்."

இந்த வருஷம் நாவல்பேட்டுக்கு ஒரே ஒரு அடிபம்பு ஒதுக்கியிருக்கிறார்களாம். எல்லா வீட்டுக்கும் தூரம் ஒன்றுதான் என்றால், வீடு எங்கே அதிகமோ அங்கேதானே போட வேண்டும்? ஊர்த் தெருவில் இருநூற்றாறு வீடு. ஊர்க் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இடம் குறித்தாயிற்று. திங்கட்கிழமை கையெழுத்தாகிவிடும்.

ஒரு பம்பு போனால் அடுத்த பம்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலனியில் தொண்ணூற்றாறு பெண்கள் தினம் இரண்டு நடை மாந்தோப்புக்குப் போகிறார்கள். அந்தத் தண்ணீரைக் கிணறே இருக்கிற தெருவுக்குத் தம் கையெழுத்தால் தாரை வார்த்துவிட்டோம் என்று பாக்கியராஜுக்குப் புரிந்தது. சார், அந்தத் தூரம் தப்பு என்று மெல்ல ஆரம்பித்தார். வரதன் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் தொண்ணூற்றாறு வீட்டிலும் அவர்களே சொல்லி, அவர்களே கைநாட்டு வைத்த அட்டை. காலனிக்காரர் ஒருவர் வந்து காலனிக்கு மட்டும் மாற்றுங்கள் என்றால் மேலே என்ன நினைப்பார்கள்? ஆதாரம் இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கும் இங்கேதான் இருப்பேன் என்றார்.

சாயங்காலம் காலனிக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். ஒவ்வொரு வீடும் தூரத்தைத் திருத்திச் சொன்னால் போதும் என்றார். ஆளாளுக்குக் குடத்தைத் துலக்கப் போனார்கள். செங்கம்மாளின் மூத்தவனுக்கு வேப்பம்பட்டில் ஒரு பெண் தகைந்து வந்திருந்தது. "ஒரு மாசம் பொறுத்துக்க நைனா, தாலி ஏறட்டும், அப்பால எத்தினி மைலு ஓணும்னாலும் போட்டுக்க" என்று அவள் கெஞ்சினாள். திங்கட்கிழமைக்குள் தாலி ஏறாது என்பதுதான் பேஜாராக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஆரோக்கியமேரியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். எண்ணூறு மீட்டர் எப்படி வந்தது என்பதை மட்டும் கடைசியில், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இடி விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. பதினைந்து வருஷத்தில் அந்த வீடு அப்படி அமைதியாக இருந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு ஆரோக்கியமேரி இடுப்பில் வெறுங்குடத்தோடு நூலகத்துக்குள் நுழைந்தார். அந்த வாசற்படியை அவர் மிதித்தது அதுவே முதல் தடவை. தூங்க வந்தவர் விழித்துக்கொண்டார். எங்க ஊட்டு அட்டை எது என்று ஆரோக்கியமேரி கேட்டார். பாக்கியராஜ் 212-ஐ எடுத்தார். வரதன் எதிரிலேயே பதினான்காம் கட்டத்தைப் படிக்கச் சொன்னார் அந்த அம்மாள்.

"எண்ணூறு" என்று படித்தார் பாக்கியராஜ்.

ஆரோக்கியமேரி வரதனிடம் திரும்பினார். "சார், இவுரு என் குரல வெச்சி அளந்துட்டாரு. அத்த நான் தப்புன்னு சொல்லல. கூப்புடு தூரம்னு எல்லாரும் சொல்லிக்கீறாங்க, அத்தயும் தப்புன்னு சொல்லல. நான் இப்ப மாந்தோப்புக் கெணத்தாண்ட போறேன். சரியா பத்து மணிக்கு அங்கேந்து கூப்புடுறேன். நீங்க காலனியில நின்னு கேளுங்க. கேட்டுச்சுன்னா பம்ப ஊர்லயே போட்டுக்கங்க."

வரதன் அந்தக் குரலை ஒரு மணிச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டு நடுங்கியவர். சம்மதித்தார். ஆரோக்கியமேரி கிளம்பினார். போகும் வழியில் காலனியில் செங்கம்மாள் மறித்துக்கொண்டு அழ, அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனாராம்: "உன் மருமவ வந்த மூணாம் நாளு குடத்த எறக்கி வெச்சிட்டு உன்ன ஒரு கேள்வி கேப்பா. அதுக்குப் பதில இப்பவே ரெடி பண்ணிக்க."

பத்தடிக்க ஐந்து நிமிஷம். காலனியே முனையில் கூடிவிட்டது. ஊர்த் தெருவிலிருந்தும் வேடிக்கை பார்க்க நாலு பேர் வந்தார்கள். வரதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பத்து மணி. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு காக்கை கத்தியது, அதை விரட்டினார்கள். பத்து ஐந்து. ஒன்றும் இல்லை. பத்தே கால். அந்த அம்மா இன்னும் போய்ச் சேரவில்லையோ என்று வரதன் கேட்டார். சேர்ந்திருப்பாள் சார் என்றார் பாக்கியராஜ். அவர் காதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். பம்பு வர வேண்டும் என்றால் குரல் கேட்கக் கூடாது. அது அவருக்குத் தெரியும். ஆனாலும், அந்தக் குரல் கேட்காத ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது, அங்கே அவள் தினமும் தனியாகப் போய் நிற்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எப்படியாவது கேட்டுத் தொலையட்டுமே என்றுகூட ஒரு நிமிஷம் ஆசைப்பட்டார்.

பத்தரைக்கு வரப்பு மேல் ஒரு சைக்கிள் வந்தது. ரயில்வே கேட் கீப்பர் மாரியப்பன். வியர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினார்.

"யாருய்யா இங்க பாக்கியராஜு?" என்று அதட்டினார். "மாந்தோப்பாண்ட ஒரு அம்மா அர மணியா அந்தப் பேரச் சொல்லிக் கத்திகினு கீது. கேட்டுல நின்ன பாசஞ்சர் டிரைவரு, எந்தப் பாக்கியராஜு தண்டவாளத்துல படுத்துகினு கீறான்னு என்னக் கேக்குறாரு."

கூட்டம் சிரித்தது. பாக்கியராஜ் சிரிக்கவில்லை. "பேரச் சொல்லியா?" என்று கேட்டார்.

"பின்ன, பேரச் சொல்லாம? பாக்கியராஜு, பாக்கியராஜுன்னு நூறு தபா. எனக்கே மனப்பாடம் ஆயிப்போச்சு."

சிரிப்பு அடங்கிவிட்டது. காலனிப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வரதனுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன என்று கேட்டார்.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் ஆரோக்கியமேரி வந்து சேர்ந்தார். இடுப்பில் நிறைகுடம். அவ்வளவு தூரம் போய்விட்டு வெறுங்குடத்தோடு திரும்புகிற பழக்கம் காலனிப் பெண்களுக்குக் கிடையாது. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது. பாக்கியராஜ் போய்க் குடத்தை வாங்கினார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக வாங்கினார். அதன் கனம் தெரியாமல் அரைக் குடம் தம் மேலேயே கொட்டிக்கொண்டார்.

"ஏ இந்தான்னுதான் மொதல்ல கூப்ட்டேன்" என்று அந்த அம்மாள் கிசுகிசுத்தார். "நீ வரல. சரி, பேரச் சொன்னாலாவது உன் காதுல உழுதான்னு பார்த்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்பவும் உழல."

பாக்கியராஜ் அத்தனை பேர் எதிரில் அழுதார். கேட்காமல் போனது பம்புக்கு நல்லதுதானே, இதற்கு ஏன் அழ வேண்டும் என்று யாரோ தேற்றினார்கள். அவர் அழுதது பம்புக்காக இல்லை.

முதலில் பேசியவள் செங்கம்மாள். "எங்க ஊட்டுக்கும் தூரத்த மாத்திக்க நைனா" என்றாள். அப்புறம் ஒவ்வொரு வீடாகச் சொன்னார்கள். வரதன் பாக்கியராஜோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மாந்தோப்பு வரைக்கும் நடந்தே போனார். அந்த வழியில் ஜீப் போகாது, அதனால்தான் அதுவரை எந்த அதிகாரியும் போனதில்லை. சிவப்புத் துணி எழுநூற்று இருபத்தேழு சுற்றுச் சுற்றியது. ஆயிரத்து அறுநூறு மீட்டர். வரதன் செருப்பு வாரறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார். திங்கட்கிழமை ஊர்க் கிணற்றடி என்ற இடத்தில் காலனி முனை என்று திருத்திக் கையெழுத்தாயிற்று. ஊர்த் தெருவில் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். அவர்கள் வீட்டுக்கெல்லாம் பாக்கியராஜ் துணி கட்டிய சைக்கிளோடு போய், முப்பது மீட்டர், நாற்பது மீட்டர் என்று உள்ளபடி எழுதி வந்ததும் அதுவும் நின்றது. வேப்பம்பட்டுக்காரர்கள் பெண் கொடுத்தார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது கெங்கம்மாள், தெருவிலேயே பம்பு வருகிறது, வேண்டுமானால் டிராயரைத் திறந்து பாருங்கள் என்றாளாம்.

ஆரோக்கியமேரிக்குக் குரல் திரும்ப ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் நூலகத்தில் யாருக்கும் மணி எப்போது ஒன்றானது என்றே தெரியவில்லை.

நாலு வருஷம் கழித்து, மெட்ராஸில் படிக்கிற செண்பகம் என்ற பெண் ஆராய்ச்சிக்காக நாவல்பேட்டுக்கு வந்தாள். மூன்று நாள் உட்கார்ந்து பச்சை அலமாரியின் டிராயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 212-ஆம் அட்டைக்கு வந்ததும் நிறுத்தினாள். பதினான்காம் கட்டத்தில் 800 அடித்திருந்தது. பக்கத்தில் 1600, அதையும் அடித்து 20. இருபத்துமூன்றாம் கட்டத்தில், குறிப்பு என்ற இடத்தில், பாக்கியராஜின் முத்தான எழுத்தில் மூன்று வார்த்தை: 'கூப்பிட்டார். கேட்கவில்லை. உண்மை.'

இது என்ன சார், யார் யாரைக் கூப்பிட்டது என்று அவள் கேட்டாள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பாக்கியராஜ் யோசித்துக்கொண்டிருந்தபோது, பம்படியிலிருந்து கழனியைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி ஒரு குரல் வந்தது.

"பாக்கியராஜூ... சோறு ஆறிப்போவுது."

ஒரு தடவை சொல்லியாயிற்று, அவர் ஆயுசுக்கும் ஒன்றும் ஆகவில்லை, இனி என்ன என்று அந்த அம்மாள் அன்றிலிருந்து பெயரைச் சொல்லியே கூப்பிட ஆரம்பித்திருந்தார். பாக்கியராஜ் அட்டையை வாங்கி அதன் இடத்தில் வைத்து, டிராயரை மூடினார்.

"இவங்கதாம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.